ரோலரால் பூசும் காருக்கு உகந்த வர்ணம்

2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாஸிடர் போன்ற பழைய காருக்கு, ஸ்பிரே யந்திரமின்றி ஸ்பாஞ்சு ரோலராலேயே வர்ணம் பூச எண்ணுவோர், விரைவில் உலர்ந்து ரோலரின் தடத்தை அப்படியே உறையவைத்துவிடும் என்.ஸி. லாக்கரை விலக்கி, நிதானமாக உலர்ந்து தானே சமனாகப் பரவும் சிந்தெடிக் எனாமலைக் கைக்கொள்வதே உசிதம். (படகுகளுக்கான பாலியூரித்தேன் அதனினும் சிரேஷ்டம், விலையைக் கேட்டால்தான் மனம் சற்றுக் கலங்கும்.) எனாமலில் டர்பன்டைன் கலந்து பால்போல் நீர்க்கச் செய்து, ஐந்தாறு முறை மெல்லியதாகப் பூசி, இரண்டு பூச்சுக்கு ஒருமுறை, வர்ணம் நன்றாக இறுகிய பின்னரே 600, 800 எண் வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்க்கவேண்டும். கறுப்பு ஒவ்வொரு நெளிவையும் காட்டிக்கொடுக்கும். வெள்ளையோ தாராளமாக மன்னித்துவிடும். முதலில் டிக்கி மூடியின் உட்புறத்தில் பரீட்சித்துப் பாருங்கள். பழைய வர்ணம் சுருங்கி எழும்பினால், அதைச் சுரண்டி எடுத்துப் பிரைமர் பூசுவதன்றி வேறு மார்க்கமில்லை.