மருத்துவச் சுருக்கக் குறிகளும் நோயாளர் நலமும்

காலமும் இடமும் குறைவாயிருக்கும்பொழுது சொற்களைச் சுருக்கி எழுதுதல் மக்களுக்கு இயல்பேயாம். நம் முன்னோரும் தம் கணக்கேடுகளிலே நாள், மாதம், ஆண்டு, வரவு, பற்று, மேற்படி என்பவற்றிற்குத் தனித்தனிக் குறிகள் வைத்திருந்தனர். எழுதுவோரும் படிப்போரும் ஒரே தொழிலினராயிருந்தமையின் அக்குறிகள் நன்கு பயன்பட்டன. ஆயினும் பழைய ஏட்டுச் சுவடிகளைப் பரிசோதித்த புலவர்கள் பட்ட பாட்டை நாம் கேட்டிருக்கின்றோம். ஓலையிலே மெய்யெழுத்துக்குப் புள்ளியிடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை. ககரமும் ஒன்று என்னும் தமிழிலக்கமும் ஒரே வடிவின. அகரமும் எட்டு என்னும் இலக்கமும் அவ்வாறே. செய்யுளிலே பாடபேதம் நேரின் பொருள் வேறுபடும். மருந்துச் சீட்டிலே பாடபேதம் நேரினோ உயிரே வேறுபடும். ஆதலின் மருத்துவத் தொழிலிற் புகவிருக்கும் மாணவரும், நோயுற்றாரை இல்லத்திற் பேணும் ஏனையோரும் இப்பொருளைச் சிறிது ஆராய்தல் நலமாம்.

மருந்துச் சீட்டிற் காணும் குறிகள் பல இலத்தீன் மொழியிலிருந்து வந்தவை. சீட்டின் தலைப்பில் விளங்கும் குறி, 'எடுத்துக்கொள்' என்னும் பொருளுடைய 'ரெசிபே' என்ற சொல்லின் சுருக்கம். 'பி. டி.' என்பது நாளைக்கு இருமுறை என்றும், 'டி. டி. எஸ்.' என்பது மும்முறை என்றும், 'எஸ். ஓ. எஸ்.' என்பது வேண்டும்பொழுது என்றும் பொருள்படும். இலத்தீன் கற்றோர் பொதுமொழியாயிருந்த காலத்தில், எழுதிய வைத்தியரும் மருந்து கலப்போரும் அம்மொழியை ஒருங்கே அறிந்திருந்தனர். இன்று மொழி மறைந்தது. எழுத்து மட்டும் நின்றது. வேரை அறியாது எழுத்தை மாத்திரம் மனப்பாடம் செய்தோர், ஓரெழுத்து மாறினும் அம்மாற்றத்தை உணர்தல் அரிது.

இக்குறிகளால் விளையும் அபாயங்களை நால்வகையாகப் பிரிக்கலாம்.

முதலாவது, எழுத்து இலக்கமாகத் தோன்றுதல். இன்சுலின் மருந்தை 'யூனிட்' என்னும் அளவால் அளப்பர். அச்சொல்லைச் சுருக்கி 'யு' என்னும் ஆங்கில எழுத்தை மாத்திரம் எழுதுவோர் உளர். கிண்ணம் போன்ற அவ்வெழுத்து விரைவில் எழுதப்படுங்கால் வாய் மூடிச் சுழியாகிவிடும். அப்பொழுது 4 யூனிட் என்பது 40 ஆகின்றது. பதின்மடங்கு இன்சுலின் ஏற்றப்பட்ட நோயாளியின் இரத்தச் சர்க்கரை வீழ்ந்து, அவர் அறிவிழந்து மடியவுங்கூடும்.

இரண்டாவது, புள்ளியால் விளையும் கேடு. 1.0 என்று எழுதியதில் புள்ளி மங்கினால் அது 10 ஆகும். .5 என்று எழுதியதில் புள்ளி மறைந்தால் அது 5 ஆகும். இரண்டும் பதின்மடங்குப் பிழை. ஆதலின் முழு எண்ணுக்குப் பின் புள்ளியும் சுழியும் இடலாகாது. பின்னத்திற்கு முன் சுழி இடாதிருத்தலும் ஆகாது. 1 என்றும் 0.5 என்றுமே எழுதல் வேண்டும். மைக்ரோகிராம் என்பதற்குக் கிரேக்க எழுத்தாகிய 'மியூ' இட்டு எழுதுவதும் இத்தகையதே. அது மில்லிகிராம் என்று படிக்கப்படின் மருந்து 1000 மடங்காகும். தைராய்டுச் சுரப்பி குறைந்தோர்க்குரிய மருந்து மைக்ரோகிராம் அளவிலேயே கொடுக்கப்படுவதென்பதை நோக்குக.

மூன்றாவது, ஒரு குறி மற்றொன்றைப் போலிருத்தல். 'க்யூ. டி.' என்றால் நாள்தோறும், 'க்யூ. ஓ. டி.' என்றால் ஒருநாள் விட்டு ஒருநாள், 'க்யூ. ஐ. டி.' என்றால் நாளைக்கு நான்குமுறை. இடையிலுள்ள புள்ளி சற்றே நீண்டாலும் வளைந்தாலும் ஒன்று மற்றொன்றாகிவிடும்.

நான்காவது, ஒரு குறிக்கு இரு பொருள் அமைதல். 'எம். எஸ்.' என்பது நோவைத் தணிக்கும் மார்பின் சல்பேட்டையும் குறிக்கலாம். கருவுற்ற மாதர்க்கு வரும் வலிப்பை அடக்கும் மக்னீசியம் சல்பேட்டையும் குறிக்கலாம். நோயின் பெயராக வருமிடத்து அதுவே இருதய வால்வு ஒன்றின் சுருக்கத்தையும், நரம்பு மண்டல நோய் ஒன்றையும் உணர்த்தும். 'ஆர். டி. ஏ.' என்பது விபத்துப் பிரிவிலே சாலை விபத்து. சிறுநீரகப் பிரிவிலே அமில மிகுதியாலாகிய ஒரு பிணி. 'ஓ. டி.' என்பது நம் நாட்டில் நாளைக்கு ஒருமுறை என்று வழங்கும். கண் மருத்துவத்திலோ வலக்கண் என்று பொருள்படும்.

நாம் அறிந்த ஓரில்லத்தில் நிகழ்ந்ததை ஈண்டுக் கூறுதும். மூட்டு வாதத்தால் வருந்திய மூதாட்டி ஒருவர்க்கு மெதோட்ரெக்ஸேட் என்னும் மருந்து விதிக்கப்பட்டது. அது வாரத்திற்கு ஒருமுறையே உட்கொள்ளத்தக்கது. வாரம் ஒருமுறை என்பதை வைத்தியர் இரண்டெழுத்தாற் சுருக்கினார். மருந்துக்கடையினர் அதனை நாள் ஒருமுறை என்று படித்து உறைமேல் எழுதினர். அம்மையார் ஆறு நாள் தவறாது உண்டார். வாயெல்லாம் புண்ணாகி, உணவு செல்லாது, காய்ச்சலும் கண்டது. ஊரிலிருந்து வந்த மகள், "அம்மா, இம்மருந்தைத் தினமுமா சாப்பிடச் சொன்னார்கள்?" என்று வினவியபொழுதே பிழை வெளிப்பட்டது. உடனே வைத்தியசாலையிற் சேர்த்து, மாற்று மருந்தாகிய போலினிக் அமிலம் ஏற்றிப் பல நாள் பேணியதனால் உயிர் தப்பினார். வைத்தியரும் கற்றவரே, கடையினரும் நல்லவரே. இடையில் நின்ற இரண்டெழுத்தே இடர் செய்தது.

இத்தகைய கேடுகளைத் தடுக்கப் பல நாடுகளிலும் முயற்சிகள் நிகழ்ந்துள்ளன. அமெரிக்க நாட்டிலே வைத்தியசாலைகளை மதிப்பிடும் ஜாயின்ட் கமிஷன் என்னும் சபை, எழுதலாகாத குறிகளின் பட்டியலொன்றை 2004-ம் ஆண்டில் விதித்தது. மேலே கூறிய யூனிட் குறி, சுழிப் பிழைகள், 'க்யூ. டி.', 'எம். எஸ்.' ஆகியவை அதில் அடங்கும். நம் நாட்டிலே இந்திய மருத்துவக் கவுன்சில் 2016-ம் ஆண்டில், மருந்தின் பொதுப்பெயரைத் தெளிவாகவும், கூடியவரை பெரிய எழுத்திலும் எழுதவேண்டுமென விதி வகுத்தது. உலக சுகாதார நிறுவனமும் 2017-ம் ஆண்டில், மருந்தால் தீங்கு நேராதிருத்தலைத் தன் பேரியக்கங்களுள் ஒன்றாகத் தொடங்கியது.

கணினியில் அச்சிட்ட சீட்டு வந்தபின் இக்கவலை ஏன் என்று சிலர் கேட்கலாம். அச்சு, கையெழுத்தின் குறையை நீக்கும். பொருளின் ஐயத்தை நீக்காது. எத்துணை அழகாக அச்சிடினும் 'எம். எஸ்.' இரு பொருள் தருவதேயாம். சுருக்கக் குறிகள் அனைத்தையும் விலக்கவேண்டும் என்பதும் நம் கருத்தன்று. 'ஈ. சி. ஜி.' என்பதை விரித்தெழுதினாற் பலர்க்கு விளங்காது. எல்லார்க்கும் ஒரே பொருள் தருவதைக் கொள்க. ஐயத்திற்கு இடமாவதைத் தள்ளுக. ஒவ்வொரு வைத்தியசாலையும் கொள்ளத்தக்கவற்றை வகுத்து, அப்பட்டியலைப் புதிதாய்ச் சேர்வோர்க்கு முதல் நாளிலேயே கற்பித்தல் வேண்டும். மருந்தின் பெயர், அளவு, காலம் என்னும் மூன்றையும் ஒருபொழுதும் சுருக்கலாகாது. தொலைபேசி வாயிலாகக் கட்டளை பெறுவோர், கேட்டதை எழுதி, எழுதியதைத் திரும்பப் படித்துக் காட்டி, ஒப்புதல் பெற்ற பின்னரே செயலாற்றுக.

இவையனைத்தினும் கடினமானது ஒன்றுண்டு. பெரியோரை வினவுதல் மரியாதைக் குறைவு என்று நாம் வளர்க்கப்பட்டிருக்கின்றோம். நள்ளிரவிலே, கையில் ஊசியுடன், புரியாத குறியொன்றன் முன் நிற்கும் இளஞ் செவிலிக்கு, தலைமை வைத்தியரை எழுப்பிக் கேட்க அச்சமுண்டாதல் இயல்பே. ஊகித்துச் செய்த பத்தில் ஒன்பது சரியாயிருக்கலாம். பத்தாவது ஓர் இல்லத்தின் விளக்கை அவித்துவிடும். கேட்டவரைக் கடிந்துகொள்ளும் வைத்தியர், அடுத்த முறை தம்மைக் கேளாதிருக்கக் கற்பிக்கின்றார் என்பதை உணர்வாராக. இல்லத்தாரும் மருந்து பெறுமிடத்து, "இஃது என்ன மருந்து? எதற்கு? எவ்வளவு? எத்தனை நாளுக்கு ஒருமுறை?" என்று கேட்டுத் தமிழிலே எழுதுவித்துக்கொள்க.

ஒரு சொல்லை விரித்தெழுத ஆகும் காலம் ஓரிரு நொடியே. அந்நொடியைச் சேமித்து நாம் பெறுவது யாது, இழக்கக்கூடியது யாது என்பதைப் பேனா எடுக்குந்தோறும் எண்ணுவோமாக.