மூன்று துளைக் காசுத் தொலைபேசியைச் சீரமைக்கும் முறை

ஐந்து, பத்து, இருபத்தைந்து சென்ட் காசுகளுக்குத் தனித்தனித் துளையும் சுழற்றும் டயலும் கொண்ட சுவர்த் தொலைபேசிகள், 1960களின் நடுவில் ஒற்றைத் துளைக் கருவிகள் வரும்வரை அமெரிக்கப் பொது இடங்களில் ஆட்சி செய்தவை. 1889இல் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்ட் நகரில் வில்லியம் கிரே நிறுவிய காசுத் தொலைபேசியின் வழிவந்தவை இவை. வெஸ்டர்ன் எலக்ட்ரிக், ஆட்டோமேட்டிக் எலக்ட்ரிக் முதலிய நிறுவனங்கள் தயாரித்தன. பழம்பொருள் சந்தையில் கிடைக்கும் இத்தகைய கருவிகள் பேசாமல் கிடப்பதற்குப் பல நேரங்களில் உடைசல் காரணமாக இருப்பதில்லை. காய்ந்து பிசினான எண்ணெயும் கறுத்துப்போன தொடுமுனைகளுமே காரணம். ஆகவே பாகங்களை மாற்றும் யோசனைக்கு முன் சுத்தம் செய்வதே முறை. பெயின்ட் வேலை எல்லாவற்றுக்கும் கடைசி.

முதல் தடை பூட்டு. மேல்மூடிக்கு ஒன்றும் கீழே உள்ள காசுப் பெட்டிக்கு ஒன்றுமாக இரண்டு தனிப் பூட்டுகள் உண்டு. சாவி இல்லாமல் வரும் கருவிகளே அதிகம். துளைபோட்டுத் திறந்தால் பூட்டும் அதைச் சுற்றியுள்ள உலோகமும் பாழாகும்; பழைய பூட்டுகளில் பழக்கமுள்ள பூட்டுக்காரரைக் கொண்டு திறந்து, புதுச் சாவி செய்துகொள்வதே நல்லது. மூடி திறந்ததும் எந்த வயரையும் கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு இணைப்பு முனையையும் நெருக்கத்தில் படம் எடுத்துவைக்க வேண்டும். தொலைபேசி இணைப்பில் இருக்கும்போது கைவைக்கக் கூடாது: சும்மா இருக்கையில் 48 வோல்ட் என்றாலும், மணி அடிக்கும்போது ஏறத்தாழ 90 வோல்ட் மாறுமின்னோட்டம் வந்து கையை உதறச் செய்யும்.

அடுத்தது டயல். விரலால் சுழற்றும்போது உள்ளே ஒரு ஸ்பிரிங் முறுக்கேறுகிறது. விட்டதும் அது தட்டைத் திருப்பிக் கொண்டுவருகிறது. திரும்பும் வழியில்தான் தொடுமுனைகள் திறந்து மூடி, எண்ணுக்கேற்றபடி துடிப்புகளை அனுப்புகின்றன. பூஜ்ஜியத்துக்குப் பத்துத் துடிப்பு. வேகம் ஒரே சீராக இருக்கும்படி பார்த்துக்கொள்வது கவர்னர் என்னும் சிறு சுழலி. அதன் எடைகள் விரிந்து, சுற்றியுள்ள கிண்ணத்தின் உட்சுவரில் உரசி வேகத்தை அடக்குகின்றன. இந்த உரசும் இடத்தில் ஒரு துளி எண்ணெய்கூடப் படக் கூடாது. பட்டால் டயல் தறிகெட்டு ஓடும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சுக்குச்சியால் கிண்ணத்தையும் பல்சக்கரங்களையும் துடைத்து, காய்ந்தபின் அச்சுமுனைகளுக்கு மட்டும் ஊசிநுனி அளவு கடிகார எண்ணெய் இட வேண்டும். எண்தட்டின் எழுத்து பெயின்டால் ஆனதென்றால் ஆல்கஹால் அதை அழித்துவிடும். அங்கே மெல்லிய சோப்புநீர் போதும்.

டயலின் இயல்பான வேகம் நொடிக்குப் பத்துத் துடிப்பு. 8 முதல் 11 வரை இருந்தால் இயங்கும். அளக்கத் தனிக் கருவி தேவையில்லை. டயலுக்கு அருகே கைப்பேசியை வைத்துப் பூஜ்ஜியத்தைச் சுழற்றி, ஒலியைப் பதிவுசெய்து, அலைவடிவத்தைத் திரையில் விரித்துப் பார்த்தால் பத்துத் துடிப்பும் முள்முள்ளாகத் தெரியும். முதல் முள்ளுக்கும் பத்தாவது முள்ளுக்கும் இடையே 0.9 நொடி இருந்தால் சரி. மெதுவாகத் திரும்பும் டயலைக் கண்டதும் கவர்னரை வளைக்கத் தோன்றும்; அந்த ஆசையை அடக்கி, இன்னொரு முறை துடைத்துப் பார்ப்பதே அறிவுடைமை.

டயலிலும் ரிசீவர் தாங்கியின் சுவிட்சிலும் உள்ள தொடுமுனைகளை உப்புத்தாளால் தேய்ப்பது கேடு, மேற்பூச்சு போய்விடும். ஆல்கஹாலில் நனைத்த வெள்ளைத்தாள் துண்டை இரு முனைகளுக்கும் நடுவே செருகி, லேசாக அழுத்தி உருவினால் கறுப்பு தாளில் ஏறிவிடும். தாள் வெண்மையாக வரும்வரை திரும்பச் செய்யலாம். ரிசீவரின் பேசும் பக்கத்தில் கரித்துகள் நிறைந்த மைக் இருக்கும். குரல் கரகரத்தாலோ மங்கினாலோ, துகள்கள் கட்டிபிடித்துள்ளன என்று பொருள். உள்ளங்கையில் மெதுவாகத் தட்டினால் பெரும்பாலும் தெளியும். பேக்கலைட் மூடி இறுகியிருந்தால் குறடு போடாமல் ரப்பர் பட்டையால் பிடித்துத் திருக வேண்டும்.

இக்கருவியின் உயிர் காசுப் பாதையில் இருக்கிறது. ஐந்து சென்ட் விழுந்தால் மணி ஒரு முறை, பத்து சென்டுக்கு இரு முறை, இருபத்தைந்து சென்டுக்குக் கனத்த கம்பிமணி ஒரு முறை ஒலிக்கும். அந்த ஒலியைக் கேட்டுத்தான் ஆபரேட்டர் எவ்வளவு போடப்பட்டது என்று அறிந்தார். பாதையை உலர்ந்த தூரிகையால் தூசு நீக்கி, ஆல்கஹால் துணியால் துடைக்க வேண்டும். எண்ணெய் வேண்டவே வேண்டாம். தூசைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மூன்று காசுகளையும் போட்டுப் பார்த்து, ஒலி தவறினால் மணி சற்று நகர்ந்திருக்கிறதா, வளைந்த தகடு காசைத் தடுக்கிறதா என்று பார்க்கலாம்.

பாதையைக் கடந்த காசு தற்காலிகமாகத் தங்கும் இடம், மின்னோட்டத்தால் இயங்கும் சுவிட்சான ரிலேயின் அருகிலுள்ள பொறிக்கதவு. தொலைபேசி நிலையத்திலிருந்து வரும் ஏறத்தாழ 130 வோல்ட் நேர்மின்னோட்டத்தின் திசையைப் பொறுத்து, காசு பெட்டிக்குள் போகும் அல்லது திரும்பி வரும். வீட்டு இணைப்பில் இந்த மின்னோட்டம் கிடையாது. காசு நடுவழியிலேயே நின்றுவிடும். ரிலேயைக் கழற்றாமல், அதன் கதவைக் காசு திரும்பும் பக்கம் ஒரு மெல்லிய கம்பியால் கட்டிவைப்பது எளிய தீர்வு, வேண்டும்போது அவிழ்த்துவிடலாம்.

வயர்களில் ரப்பர் உறை நொறுங்கினால் மாற்றியே ஆக வேண்டும். பழைய மாதிரிகளில் மணியும் கண்டென்சரும் பேச்சுச் சுருளும் தனிப்பெட்டியில் இருந்தன. அந்தப் பெட்டி இல்லாத கருவி, இரண்டு வயரையும் இணைத்தாலும் பேசாது; வாங்கும்போதே இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும். காசுக் கருவிக்கென்று இருந்த தரைவயரை வீட்டு இணைப்பில் சேர்க்காமல் விட்டுவிட வேண்டும். ஃபைபர் மோடம்கள் பல, டயல் துடிப்புகளைப் புரிந்துகொள்ளாது. அங்கே துடிப்பை டோனாக மாற்றும் சிறு கருவி நடுவே தேவைப்படும்.

இவ்வளவும் இயங்கியபின்தான் மேற்பூச்சு. பழைய பெயின்டில் ஈயம் இருக்கக்கூடும் என்பதால் முகக்கவசம் அணிந்து, நீர் நனைத்த உப்புத்தாளால் மட்டுமே தேய்க்க வேண்டும். முழுவதும் உரிக்காமல் துருவை மட்டும் நீக்கி மெழுகு பூசினால், ஆயிரம் கைகள் தேய்த்த தடம் அப்படியே இருக்கும். அதற்கே மதிப்பு அதிகம். இரும்புக்கூடு கனமானது. அதனால் பூச்சுச்சுவரில் வெறும் ஆணியில் தொங்கவிடாமல், செங்கல் வரை இறங்கும் திருகாணிகளால் மரப்பலகையை முதலில் பொருத்தி, அதன்மேல் கருவியை ஏற்ற வேண்டும்.