ஒரே மரத்துக் கூடுகள்

வேடந்தாங்கல் ஏரியில் நாரையும் கொக்கும் நீர்க்காகமும் ஒரே மரத்தில் கூடு கட்டுகின்றன. அவற்றின் எச்சத்தால் உரமேறிய நீர் வயலை வளர்க்க, ஊரார் தலைமுறைகளாகப் பறவைகளைக் காக்கின்றனர். காப்பவரும் காக்கப்படுபவரும் ஒருவருக்கொருவர் துணை. இப்பாடம் மனிதர்க்கும் உரியது.

ஆட்டிசம் உடைய மகனைப் பெற்ற முதியோரின் கவலை, 'எங்களுக்குப் பின் யார்?' என்பதே. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டம், வயதுவந்த அத்தகையோர்க்குச் சட்டக் காப்பாளரை நியமிக்க வழிவகுத்தது. 2005இல் முட்டுக்காட்டில் தோன்றிய தேசிய நிறுவனம் பன்முக மாற்றுத்திறனாளர்க்குப் பயிற்சியளிக்கிறது. ஆயினும், காப்பாளர் வேறு, வீடு வேறு.

முதியோர்க்கு ஓர் இல்லம், இவர்களுக்கு மற்றோர் இல்லம் எனப் பிரிக்காது, ஒரே வளாகத்தில் இருசாராரும் வாழ்தல் நன்று. அமைதியான அறையும் மாறாத அன்றாட ஒழுங்கும் இருவருக்கும் ஏற்றவை. பெற்றோர் இருக்கும்போதே மகன் அங்குப் பழகிவிட்டால், அவர்கள் மறையும் நாளில் பெற்றோரோடு வீட்டையும் சேர்த்து இழக்கமாட்டான்.