வெல்லமும் பீங்கான் தூசியும்

வேப்பூருக்கு அண்மையிலுள்ள விருத்தாசலத்தில், களிமண்ணானது அகல்விளக்காகவும் பொம்மையாகவும் மின்சாரப் பியூஸ் கட்டையாகவும் உருமாறி வெளிவரும் பீங்கான் பட்டறைகளைப் பற்றிப் பேசுவோர், சூளையின் உஷ்ணத்தைச் சொல்வார்களேயன்றி, அங்கே மாவுபோல் மிதக்கும் தூசியைச் சொல்வது அரிது. தூசியில் உழைப்போரிடையே பரவலாக ஒரு நம்பிக்கை உண்டு: வேலை முடிந்ததும் ஒரு துண்டு வெல்லம் தின்றால், உள்ளே போன தூசியெல்லாம் இறங்கிவிடுமாம்.

வெல்லம் இறங்குவது இரைப்பைக்கு. தூசி தங்குவதோ சுவாசகோசத்தில். படிகக்கல்லைப் பொடிக்கும்போது எழும் சிலிக்காத் துகள்களில், மயிரிழைப் பருமனில் பத்திலொரு பங்குக்கும் குறைந்தவையே உள்ளறைகளை எட்டுகின்றன. அவற்றை விழுங்க வரும் உயிரணுக்கள் ஜீரணிக்க மாட்டாமல் மடிய, அவ்விடம் தழும்பேறி, பல வருஷங்கள் கழித்து மேடேறுகையில் மூச்சு வாங்கும்போதுதான் சிலிக்கோசிஸ் என்னும் வியாதி தன்னைத் தெரிவித்துக்கொள்கிறது. அத்தழும்பை நீக்கும் மருந்து இன்றுவரை இல்லை. முகத்தில் கட்டும் துண்டு கண்ணுக்குத் தெரியும் தூசியைத் தடுக்கும், தெரியாததற்கு வழிவிட்டுவிடும். வெல்லத்தின்மீது எனக்கு விரோதமில்லை. அதற்குக் கொடுத்த உத்தியோகத்தைத்தான் ஆட்சேபிக்கிறேன்.

இதனினும் பிடிவாதமானது படித்தவர்களின் நம்பிக்கை: சுகாதாரக் கல்வியாளர் வந்து ஒரு பிரசங்கம் செய்து, துண்டுப் பிரசுரமும் கொடுத்துவிட்டால், ஜனங்களின் அறியாமை நீங்கிவிடும் என்பது. வேலை அவ்வளவே ஆயின், 1964-இல் தோன்றிய காந்திகிராமத்து ஊரகச் சுகாதார நிறுவனம் அதற்கெனப் பட்டயப் படிப்பு நடத்த வேண்டிய அவசியமில்லை. வெல்லம் மலிவு, அதைத் தின்ன முதலாளியின் அனுமதி தேவையில்லை, அந்நம்பிக்கை நிலைத்ததற்கு அறியாமையைவிட இதுவே காரணம் என்பது என் அபிப்பிராயம். ஆகவே, உலர்ந்த துடைப்பத்தால் பெருக்காதீர்கள் என்று தொழிலாளியிடம் சொல்லும் கல்வியாளர், ஈரம் செய்து துடைக்க வசதி செய்யுங்கள் என்று முதலாளியிடமும் சொல்லியாக வேண்டும். நுண்துகளைத் தடுக்கும் முகக்கவசத்தின் விலை யார் தலையில் விழுகிறதென்று விசாரியாமல், அதன் மகிமையைப் பேசுவதில் பிரயோஜனமில்லை.

இன்னொரு நம்பிக்கை, இருமலெல்லாம் காசநோயே என்பது. சிலிக்கா தங்கிய சுவாசகோசத்தைக் காசநோய் எளிதில் பற்றுமாதலால், இரண்டும் ஒருவரிடமே இருக்கக்கூடும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமுகிறவர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனைக்குப் போகும்போது, தாம் எத்தனை வருஷம் என்ன வேலை செய்தார் என்பதையும் வைத்தியரிடம் கூற வேண்டும். கூறினால்தான், 1948-ஆம் வருஷத் தொழிற்சாலைச் சட்டத்தின் அட்டவணையில் கண்ட சிலிக்கோசிஸ் என்னும் தொழில்நோய் வைத்தியரின் சிந்தனைக்கு வரும்.