மயில்துத்தமும் சுண்ணாம்பும்: செப்பு பிணையும் விதம்

போடோக் கலவையை விசிறிய பின் ஒருவருடைய தக்காளி செழித்திருக்க, அயலவருடைய தக்காளி இலைகள் ஓரங் கருகி நிற்பதுண்டு. இருவரும் இட்ட மயில்துத்தத்தின் நிறை ஒன்றாகவே இருக்கலாம். கலவையிலுள்ள செப்பு எதனோடு பிணைந்திருக்கின்றது என்பதே அங்கு வேறுபடுவது.

செப்பு தன்னைச் சூழவுள்ள நீர், அமோனியா முதலியவற்றை ஓர் ஒழுங்கிற் பற்றிக்கொள்ளும் இயல்புடையது. இவ்வாறு உண்டாவனவற்றைச் சிக்கற் சேர்வைகள் என்பர். மயில்துத்தமும் அத்தகையதே. 1912 இல் மூனிச் நகரில், எக்ஸ்-கதிர்கள் பளிங்கினூடாக முதன்முதல் செலுத்தப்பட்டபோது எடுக்கப்பட்ட பளிங்கு இதுவாகும். 1934 இல் பீவர்சு, இலிப்சன் என்னும் இருவர் அதன் உள்ளமைப்பைக் கண்டறிந்தனர். செப்பைச் சுற்றிச் சதுரத்தின் நான்கு மூலைகளிலும் நான்கு நீர் மூலக்கூறுகள் உள்ளன. மேலும் கீழும் சற்றுத் தள்ளிச் சல்பேற்றின் ஒட்சிசன்கள் உள்ளன. ஐந்தாவது நீர் செப்பைத் தொடாது இடையில் நிற்கின்றது. பளிங்கை வறுத்தால் நீர் நீங்கி வெண்தூளாகும். நீர் பட்டால் மீண்டும் நீலமாகும். 100 கிராம் மயில்துத்தத்தில் 36 கிராம் நீரே; செப்பு ஏறக்குறைய 25 கிராம். ஆதலால் வெளிறித் தூளானதை அதே நிறைக்கு இட்டால் செப்பு மிகுந்துவிடும். நீலப் பளிங்கையே வாங்குக.

நீரிற் கரைந்த செப்பு இலையினுட் புகுந்து அதனைக் கருக்கும். சுண்ணாம்பைச் சேர்த்ததும், செப்பைப் பற்றியிருந்த நீரின் இடத்தை ஐதரொட்சைட்டு பிடித்துக்கொள்கின்றது. அதனால் நீரிற் கரையாத மென்மையான நீலப் படிவு உண்டாகி இலையில் ஒட்டிக்கொள்ளும். பனித்துளியில் முளைக்கும் பங்கசு வித்திகள் அமினோவமிலம் போன்ற பொருள்களைக் கசியவிடுகின்றன. இவை நண்டின் கொடுக்குப்போலச் செப்பை இரு பக்கமும் கவ்விக் கரைக்கின்றன. கரைந்த செப்பு வித்தியைக் கொல்லுகின்றது. பங்கசு தன் நஞ்சைத் தானே கரைத்துக் குடிக்கின்றது எனலாம்! இலையினுள் ஏற்கெனவே புகுந்துவிட்ட பங்கசை இக்கலவை அழிக்காது. நோய் தோன்றுமுன் விசிறுவதே பயன் தரும்.

நூற்றுக்கு ஒரு பங்குக் கலவைக்கு, 100 கிராம் மயில்துத்தத்தை 5 இலீற்றர் நீரிற் கரைக்க. 100 கிராம் புதிய சுட்ட சுண்ணாம்பை வேறாக நீற்றி, 5 இலீற்றர் பாலாக்கி வடிகட்டுக. மண் அல்லது பிளாஸ்டிக் பாத்திரமே ஏற்றது. இரும்புப் பாத்திரம் ஆகாது. நீலக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலினுள் மெதுவாக ஊற்றிக் கலக்குக. மாற்றி ஊற்றினால் படிவு பருத்து எளிதில் அடையும். துருவற்ற கத்தியை ஒரு நிமிடம் அமிழ்த்திப் பார்க்க. செந்நிறச் செப்புப் படலம் படிந்தால் கரைந்த செப்பு எஞ்சியுள்ளது; மேலும் சுண்ணாம்புப் பால் சேர்க்க. அன்றைய கலவையை அன்றே விசிறுக. வைத்திருந்தால் படிவு பளிங்காகி ஒட்டுந்தன்மை குன்றும். கண்ணையும் கையையும் மூடிக்கொள்க.

நேரத்தை மீதப்படுத்த எண்ணி அமோனியம் சல்பேற்று உரத்தை இதனுடன் கரைப்பது பெருந்தவறு. சுண்ணாம்பு பட்டதும் அமோனியா வெளிப்பட்டுச் செப்பை நான்கு மூலைகளிலும் பற்றும், படிவு கரைந்து கருநீலமாகும், இலை கருகும்.

மண்ணிற் சேரும் செப்பை மக்கு இறுகப் பற்றிக்கொள்வதால் அது மேல்மண்ணிலேயே ஆண்டுதோறும் தங்கும். தேவைக்கு மேல் விசிறற்க. வயலுக்குச் செல்லும் வாய்க்காலிற் கருவியைக் கழுவலாகாது. மீன்களுக்குச் செப்பு கொடிய நஞ்சு.