டிராக்டரின் பவர் ஸ்டியரிங்: வீட்டிலேயே பராமரிக்கும் முறை

சம்பா சேற்றுழவு தொடங்கிவிட்டால் டிராக்டருக்கு ஓய்வு கிடையாது. சொந்த வயல் முடிந்ததும் அண்டை வயல், பிறகு வாடகை உழவு என்று இரவிலும் ஓடுகிறது. இந்த நாட்களில் ஸ்டியரிங் கனத்துப் போனால் ஓட்டுபவரின் தோள்பட்டை மட்டுமா வலிக்கும்? நாற்றங்காலில் நாற்றும் முற்றிப் போகும். நான் உழவியல் கற்பிப்பவன். எந்திரம் என் பாடமன்று. ஆயினும் சிதம்பரம், புவனகிரி வட்டாரங்களில் உழவர்களைச் சந்திக்கும்போதெல்லாம் இக்கேள்வி எழுவதால், விவரம் அறிந்த பொறியியல் நண்பர்களிடம் கேட்டும் வண்டியின் அடியில் படுத்துப் பார்த்தும் தெரிந்துகொண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

முதலில் இது வேலை செய்யும் விதத்தைப் பாருங்கள். என்ஜினால் சுழலும் ஒரு பம்பு எண்ணெயை அழுத்தத்துடன் தள்ளுகிறது. ஸ்டியரிங்கிற்குக் கீழேயுள்ள வால்வு, நீங்கள் திருப்பும் பக்கத்திற்கு ஏற்ப அந்த எண்ணெயை முன் அச்சிலுள்ள சிலிண்டருக்கு அனுப்புகிறது. சிலிண்டரின் தண்டு நீண்டும் சுருங்கியும் சக்கரங்களைத் திருப்புகிறது. காரில் ஸ்டியரிங்கிற்கும் சக்கரத்திற்கும் இடையே இரும்பு இணைப்பு இருக்கும். எண்ணெய் தீர்ந்தாலும் பலம் கொடுத்துத் திருப்பிவிடலாம். இன்றைய டிராக்டர்கள் பலவற்றில் அந்த இணைப்பே இல்லை. எண்ணெய்தான் இணைப்பு. என்ஜின் நின்றால் கனமாகவாவது திரும்பும். எண்ணெய் முழுதும் ஒழுகிவிட்டால் ஸ்டியரிங் சுற்றும், சக்கரம் திரும்பாது. வடவாற்றுக் கரையிலோ வீராணம் ஏரிக் கரையிலோ டிரெயிலருடன் வரும்போது அப்படி நேர்ந்தால் என்னவாகும் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே எண்ணெய் அளவை நாள்தோறும் காலையில், வண்டி சமதளத்தில் நிற்கும்போது பார்க்க வேண்டும். மூடியைத் திறக்குமுன் சுற்றியுள்ள தூசியைத் துடைத்துவிடுங்கள். வைக்கோல் தூசு ஒரு சிட்டிகை உள்ளே விழுந்தாலும் ஃபில்டரை அடைக்கும். துடைக்க நூல் பிரியாத துணியே நலம். சாக்குத் துண்டு ஆகாது. சில டிராக்டர்களில் ஸ்டியரிங்கிற்குத் தனி எண்ணெய்த் தொட்டி உண்டு. சிலவற்றில் கியர்பெட்டி எண்ணெயே இதற்கும் பயன்படுகிறது. உங்கள் வண்டி எவ்வகை, அதற்கு எந்த எண்ணெய், எத்தனை மணிக்கு ஒருமுறை மாற்றுவது என்பவை கையேட்டில் அச்சாகியுள்ளன. அதைப் பரணிலிருந்து இறக்குங்கள். பக்கத்து வீட்டில் மீந்த எண்ணெயைக் கலக்காதீர்கள். பிரேக் ஆயிலை ஒருபோதும் ஊற்றக் கூடாது. ரப்பர் சீல்கள் கெட்டுவிடும்.

எண்ணெயின் நிறமும் சேதி சொல்லும். கருத்துக் கருகிய வாடை வந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது. நுரைத்திருந்தால் காற்று புகுந்துள்ளது. மோர் போல வெளுத்திருந்தால் தண்ணீர் கலந்துவிட்டது. 2015ஆம் ஆண்டு வெள்ளம் போன்ற காலங்களில் கடலூர் மாவட்டத்திற்கு இது முக்கியம். நீரில் மூழ்கிய டிராக்டரை ஓடுகிறதா என்று பார்ப்பதற்காகக்கூட ஸ்டார்ட் செய்யாதீர்கள். எண்ணெய்கள் அனைத்தையும் வடித்து மாற்றிய பின்னரே என்ஜினைத் தொட வேண்டும்.

நம் பகுதியில் மிகுதியான கேடு சேற்றினால் வருகிறது. சிலிண்டரின் பளபளப்பான தண்டில் களிமண் காய்ந்து ஒட்டிக்கொண்டால், தண்டு உள்ளே போகும்போது அது சீலை அறுக்கும். பிறகு கசிவுதான். மாலையில் வயலைவிட்டு ஏறியதும், சேறு காயுமுன் தண்ணீர் ஊற்றிக் கழுவித் துடையுங்கள். பரங்கிப்பேட்டை, கிள்ளை போன்ற கடலோர ஊர்களில் உப்புக் காற்றால் தண்டு துருப்பிடிக்கும். வண்டியை நெடுநாள் நிறுத்துவதானால் தண்டில் மெல்லிய எண்ணெய்ப் பூச்சு கொடுங்கள். கிரீஸ் வேண்டாம், அதில் மண் ஒட்டும்.

ஹோஸ்களை வாரம் ஒருமுறை பாருங்கள். வெடிப்பு, உப்பல், உராய்வு இருந்தால் அதே அழுத்தம் தாங்கும் புதிய ஹோஸ் போட வேண்டும். சைக்கிள் டியூபைச் சுற்றிக் கம்பி கட்டுவது பம்புசெட்டு ஹோஸுக்குச் சரி, இதற்கு உதவாது. என்ஜின் ஓடும்போது கசிவைக் கையால் தடவிப் பார்ப்பது பெரும் ஆபத்து. ஊசித்துளை வழியாகப் பீறிடும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே சிறு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் குறைவு. ஆனால் சிகிச்சை தாமதமானால் விரலையோ கையையோ எடுக்க நேரிடும். அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள். தப்பித் தவறித் தோலில் பாய்ந்துவிட்டால் மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு இராமல் உடனே மருத்துவமனைக்குச் சென்று நடந்ததைச் சொல்லுங்கள்.

ஸ்டியரிங் கனத்தால் உடனே பம்பின் மேல் பழி போடாதீர்கள். சென்ற சம்பாவில் ஓர் உழவர், பம்பையே மாற்றவேண்டும் என்று பட்டறையில் சொன்னதாக வருத்தத்துடன் வந்தார். பார்த்தால் முன் டயர்கள் இரண்டிலும் காற்று குறைவு. ஃபில்டர் வண்டி வாங்கிய நாள்முதல் மாற்றப்படவில்லை. முதலில் டயர் காற்று, அடுத்து முன் அச்சின் கிரீஸ் முனைகள், பிறகு எண்ணெய், ஃபில்டர் என்ற வரிசையில் பாருங்கள். இதற்கு மாறாக ஸ்டியரிங் இலேசாகத் திரும்பியும் வண்டி திரும்பவில்லையெனில், பின்னே தூக்கிய ரோட்டவேட்டரின் பாரத்தால் முன்சக்கரம் மிதக்கிறது. அது ஸ்டியரிங் பழுதன்று. முன்பக்க எடை சேர்க்க வேண்டும். ஸ்டியரிங் குமிழ் ஒவ்வொரு தடவையும் வேறிடத்தில் வந்து நிற்கிறதே என்று சிலர் அஞ்சுகிறார்கள். இரும்பு இணைப்பு இல்லாத வண்டியில் அது இயல்பே.

எண்ணெய் மாற்றியபின் காற்றை வெளியேற்ற வேண்டும். தொட்டியை நிரப்பி, என்ஜினைக் குறைந்த வேகத்தில் சில நிமிடம் ஓடவிடுங்கள். பின்னர் ஆள் நடமாட்டமில்லாத களத்தில் தாழ்ந்த கியரில் மெல்ல ஓட்டியபடி ஸ்டியரிங்கை இருபுறமும் பலமுறை திருப்புங்கள். நுரை அடங்கும்வரை இடையிடையே என்ஜினை நிறுத்தி அளவு பார்த்து ஊற்ற வேண்டும். கோடிவரை திருப்பி அங்கேயே பிடித்து வைக்காதீர்கள். வயல் முனையில் வரப்பில் சக்கரம் முட்டி நிற்க, ஸ்டியரிங்கை முறுக்கிப் பிடிப்பதும் இதே தவறுதான். எண்ணெய் கொதித்துச் சீல் கெடும். சேற்றில் திரும்பும்போது ஒருபக்கப் பிரேக்கையும் மெல்ல மிதித்தால் பளு குறையும். சாலை ஏறுமுன் இரு பிரேக் மிதிகளையும் மறவாமல் இணைத்துவிடுங்கள்.

வீட்டில் கார் வைத்திருப்போருக்கும் இவற்றுள் பெரும்பகுதி பொருந்தும். ஆனால் புதிய கார்கள் பலவற்றில் மின்மோட்டார் ஸ்டியரிங் என்பதால் எண்ணெய்த் தொட்டியே இராது. தேடிச் சலிக்க வேண்டாம். பம்பு, வால்வு, அழுத்தத் திருகு ஆகிய மூன்றையும் எந்த வண்டியிலும் வீட்டில் கழற்றக் கூடாது. அவற்றைச் சரிபார்க்க அழுத்தமானி வேண்டும். அது பட்டறை வேலை.