கருவிழியும் காண்டாக்ட் லென்சும்

மூக்குக் கண்ணாடிக்கு மாற்றாகக் காண்டாக்ட் லென்ஸ் அணியும் வழக்கம் நம் இல்லத்து இளைஞரிடையே பெருகியுள்ளது. வேலூர், இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி ஆகிய தோல் தொழில் நகரங்களில் பணிபுரிவோரும் இதனை அணிகின்றனர். இரவிலும் கழற்றாது அணிவதால் கருவிழிப்படலத்திற்கு நேரும் கேட்டினை இங்குக் காண்போம்.

கருவிழிப்படலம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிப்புள்ள, ஒளி ஊடுருவும் திரை. இரத்தக் குழாய்கள் இருப்பின் ஒளி தடைப்படும்; ஆதலின் அதில் அவை இல்லை. தனக்கு வேண்டிய பிராணவாயுவைக் கண்ணீரின் வழியே பெரும்பாலும் காற்றிலிருந்தே அது பெறுகிறது. காற்றில் பிராணவாயு 21 விழுக்காடு உள்ளது. உறங்குங்கால், மூடிய இமையின் உட்புறத்திலிருந்து கிடைப்பது ஏறத்தாழ 8 விழுக்காட்டிற்கு ஈடானதே. அவ்வேளையில் லென்சும் மூடியிருப்பின் படலம் வீங்கும், பார்வை மங்கும், நாளடைவில் ஓரத்திலிருந்து இரத்தக் குழாய்கள் உட்படரும். மேற்புறச் செல்கள் நலிய, சூடோமோனாஸ் போன்ற கிருமிகள் உட்புகுந்து ஓரிரு நாளிலேயே புண் உண்டாக்கும்.

அமெரிக்க அரசு 1981-இல் சில மென்லென்சுகளைத் தொடர்ந்து 30 நாள் அணிய இசைவளித்தது. 1989-இல் வெளியான ஆய்வு, பகலில் மட்டும் மென்லென்ஸ் அணிவோரில் ஆண்டுக்குப் பதினாயிரவருள் நால்வருக்கும், இரவிலும் அணிவோரில் இருபத்தொருவருக்கும் கருவிழிப் புண் நேர்வதைக் காட்டியது. அவ்வாண்டே அவ்வரம்பு 7 நாளாகக் குறைக்கப்பட்டது. பின்னர் வந்த சிலிக்கோன் ஹைட்ரோஜெல் லென்சுகள் பிராணவாயுவை மிகுதியாக உட்செலுத்தினும், உறக்கத்தில் அணிவதால் வரும் தொற்றினை நீக்கவில்லை.

தோல் தேய்க்கும் தூசியும் பசையின் ஆவியும் மிக்க கூடங்களில் கண் எளிதில் உறுத்தும். லென்சின் அடியில் சிக்கிய துகள் படலத்தைக் கீறும். கீறிய இடமே கிருமிக்கு வாயில். ஆதலின் அங்குக் கண்ணாடியும் காப்புக் கவசமுமே ஏற்றவை.

நீரை வடிகட்டிப் பருகுவது நம் மரபு. ஆயினும் வடிகட்டிய நீரும், காய்ச்சி ஆறிய நீரும் லென்ஸ் கழுவ ஆகா. நீரில் வாழும் அகாந்தமீபா என்னும் நுண்ணுயிர் நெடுநாள் வருத்தும் புண்ணைத் தரும். அதற்கென விற்கும் கரைசலையே நாள்தோறும் புதிதாக ஊற்றுதல் வேண்டும்.

கண் சிவந்து, வலித்து, ஒளி கண்டு கூசின் உடனே லென்சைக் கழற்றி அன்றே கண் மருத்துவரை நாடுக. கடையில் தாமே சொட்டு மருந்து வாங்குதல் தகாது. தழும்பு ஆழ்ந்து படியின், இறந்தோர் ஈந்த கருவிழியைப் பொருத்துவதே வழியாகும். இரவில் லென்சைக் கழற்றி வைத்தலோ ஒரு நிமிடப் பணி; அதனை நம் மக்களுக்குப் பழக்குவோமாக.